லோயிஸ் துடைக்காத பொட்டு

திருத்தணியில் இன்வெர்ட்டர் கடை நடத்தும் லோயிசுக்குப் பின்னறையில் ஒரு தலைவலி உட்கார்ந்திருந்தது. அவள் முன்பு வேலை பார்த்த நூல் மில் மூடியபோது பழைய இரும்போடு இரும்பாக வாங்கி வந்த, பீரோ உயர பி.டி.பி. லெவன் கம்ப்யூட்டர். அதைக் காட்சிக்கு வைக்கச் சென்னையில் ஒரு கல்லூரி கேட்டிருந்தது, ஓடினால் மட்டும். ஓடாவிட்டால் திங்கட்கிழமை காயலான் கடை பங்காருவிடம் தள்ளிவிடலாம் என்று கணவர் இஸ்ரேலிடம் அவளே சொல்லித் தொலைத்திருந்தாள்.

ஓட வைப்பது அத்தனை லேசா என்ன? உள்ளே இருக்கும் மூளைப் பலகை எதுவென்று தெரிந்தால்தான் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றுவது என்று முடிவு செய்யலாம். பெரிய பலகை என்றால் அவள் வைத்திருந்த யூனிக்ஸ் ஓடும். சின்னதற்கு அது ஆகாது, ஆர்.டி. லெவன்தான். பலகையின் கைப்பிடியில் பொறித்திருந்த மாடல் எண்ணில் எம் 81 வரை தெரிந்தது. மீதி இரண்டு எண்கள் சந்தனத்துக்கு அடியில். மில்லில் எல்லோரும் 'பெரிய மிஷின்' என்று பீற்றிக்கொண்டதை நம்பி, லேப்டாப்பிலிருந்து ஒயர் வழியாக யூனிக்ஸையே ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் முரண்டுபிடித்து நின்றது.

சந்தனத்தைத் துடைத்தால் தீர்ந்தது. ஆனால் தூசி தும்பெல்லாம் துடைத்தவளுக்கு அதில் மட்டும் கை போகவில்லை. ஆயுத பூஜைக்கு மில் பியூன் சுந்தரமூர்த்தி மூடியைத் திறந்து, மூளைக்கும் ஒன்று இருக்கட்டும் என்று வைத்த பொட்டு. சர்ச்சுக்குப் போகிற நாம் இன்னொருவர் சாமிக்கு வைத்ததை அழிப்பதா? கடைசியில் கனகம்மாசத்திரத்தில் இருந்த அவருக்கே போன் போட்டாள்.

அவர் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"இதுக்கா மேடம் இத்தினி நாளா யோசிச்சிகினு இருந்தீங்க? சாமி ஒண்ணும் கோச்சிக்காது" என்று துண்டை நனைத்துத் தானே துடைத்தார்.

86. சின்னப் பலகை!

லோயிஸ் ஆர்.டி. லெவனை ஏற்றினாள். திரையில் ஒரு புள்ளி வந்து நின்றது. தயார், சொல் என்று அர்த்தம். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். மடமடவென்று கொட்டியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றிண்ணா. ஆண்டவர்தான் உங்கள அனுப்பிச்சாரு."

"நல்லா இருக்கே! மறைச்சி வச்சவனே நான்தானே மேடம்!"

அவள் சிரித்தாள், அழுதாள். மனிதர்கள் இப்படி இருக்கிற ஊரில் தன்னை வைத்ததற்கே ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

வாசலில் இஸ்ரேல் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "வேணாம் பங்காரு, வண்டி எடுத்தாராத. எங்க வூட்டம்மா அந்த மிஷின ஓட வச்சிட்டாங்க!"