மாடியில் பேசிய ஜகாம்

என் மகள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி அழைத்து வந்தவன் ஆப்பிரிக்காக்காரன். நைஜீரியாவும் கேமரூனும் தொட்டுக்கொள்ளும் பக்கம் அவன் ஊர். சென்னையில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். நான் சரி என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் லீவு போட்டுவிட்டு செஞ்சிக்கு வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் கோட்டை பார்க்க வந்தவர் என்று சொல்லி வைத்தேன்.

அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் மகள். "ஊர்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேளு" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்தி வெகுநேரம் சொன்னான். "அம்மாவும் தங்கச்சியும்மா" என்று முடித்துவிட்டாள் இவள். இரண்டு பேரைச் சொல்ல இவ்வளவு பேச்சா? பய எதையோ சுத்தி வளைக்கிறான் என்று அப்போதே தோன்றிவிட்டது.

சாயங்காலமானால் போனோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவான். காயப்போட்ட துணி எடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போவேன். அவன் பேசியது இங்கிலீஷ் இல்லை. போனில் ஒரு சின்னக் குழந்தை கொஞ்சியது. ஊரில் குடும்பம் வைத்திருக்கிறவனுக்கு என் ஒரே பெண்ணைக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவன் பேச்சைத் திருட்டுத்தனமாக என் போனில் பதிவு செய்து, கடைத்தெரு செல்போன் கடைக்காரரிடம் கொடுத்தேன். என்னென்னவோ அழுத்திப் பார்த்தார். "இன்னாக்கா பாஷை இது? போனுக்கே தெரியல" என்று திருப்பிக் கொடுத்தார். போனுக்கே தெரியாத பாஷை! வசதியாகத்தான் வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மகளை மடக்கினேன்.

"ஜகாம்னு பேரும்மா. அவங்க ஊர்ப் பாஷை."

"அதுக்கு எழுத்து இருக்குதா?"

இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்களாம். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே இன்சிபிடி என்று குறிகள் உண்டாம். சண்டைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. சிலது எல்லோருக்கும் தெரியும், சிலது ஒரு ஆண்கள் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அந்தச் சங்கத்துக் குறியெல்லாம் இவனுக்கே தெரியாதாம். அடேயப்பா, அதிலும் ரகசியமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் டெய்லர். மேஜையில் கருநீல லைனிங் துணி விரித்திருந்தது. அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "தெரிஞ்ச குறியப் போட்டுக் காட்டச் சொல்லு" என்றேன்.

ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளைவுகள் போட்டான். தன்னையும் மகளையும் காட்டினான். புருஷன் பொண்டாட்டி என்று நானே புரிந்துகொண்டேன். பிறகு சற்றுத் தள்ளி, முதுகைத் திருப்பிக்கொண்ட இரண்டு வளைவுகள். நடுவே ஒரு கோடு. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். போனை எடுத்து, இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் படத்தை என் முன்னால் வைத்தான்.

நான் திடுக்கிட்டதைப் பார்த்து அவனும் திடுக்கிட்டான். மகளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டான். அவள் தலை தொங்கிவிட்டது.

"மொத நாள் நீ கேட்டப்பவே எல்லாத்தையும் சொன்னாரும்மா. கல்யாணம் ஆயி முறிஞ்சிடுச்சி. கொழந்தை அவரோட அம்மாகிட்ட வளருது. நீ ஒத்துக்க மாட்டன்னு நான்தான் உங்கிட்ட சொல்லல."

மாடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேனே, யாரைச் சந்தேகப்பட்டு? என் வயிற்றில் பிறந்தவள் எனக்குத் தெரிந்த தமிழிலேயே என்னை ஏமாற்றியிருக்கிறாள். ஆத்திரத்தில் துணியைச் சுருட்டப் போனேன். குறி கலைந்துவிடுமே என்று கையை எடுத்துக்கொண்டேன்.

"அப்போ வேணாமாம்மா?" என்று அழுதாள்.

"எங்கிட்டயே அந்தக் கொழந்தைய மறைச்சிட்ட. நாளைக்கி அது உன் வாசல்ல வந்து நின்னா எங்க மறைப்ப? அதைக் கூட்டிட்டு வரச் சொல்லு. அப்புறம்தான் கல்யாணப் பேச்சு. நான் சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னாள். முழுசாகச் சொல்கிறாளா என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.