பம்பரம் வளர்த்த படிகம்

அவள் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி சுடுவதுபோல நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பாள். தான் பேசும்போது தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டுவாள். அடுத்தவர் பேசும்போது அவருடைய பேனா மூடியைக் கழற்றி மாட்டுவாள். பிறந்த அன்றே நர்ஸ் கையிலிருந்து நழுவித் தொட்டிலுக்குத் தானே நடந்து போனாள் என்று அவள் அம்மா சொல்வார். அதில் பாதியை நான் நம்புகிறேன். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர்.

நிலையத்தின் கீழ்த்தளத்தில் இயற்பியல்காரர்கள், நடுவில் மருத்துவர்கள், மாடியில் உயிர்வேதியியல். கீழே இருப்பவர்கள் கருவி அதிரக் கூடாதென்று மூச்சைக்கூடத் தவணை முறையில் விடுகிறவர்கள். அவர்கள் தலைக்கு மேலே பம்பரம் ஒரு நடை நடந்தால் போதும், நிலநடுக்கம் எந்த நாட்டில் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, படிகம் வளர்ப்பது. ஒரு நோய்க்கிருமியின் உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. அதன் வடிவம் தெரிந்தால், அதற்குப் பூட்டுப் போடும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். வடிவம் தெரிய, புரதத்தைக் கற்கண்டு போலப் படிகமாக்கி, எக்ஸ்கதிரைப் பாய்ச்ச வேண்டும். கதிர் சிதறி விழும் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு வடிவத்தை எடுப்பார்கள். உப்பு படிகமாகிறது, சர்க்கரை படிகமாகிறது. இந்தப் புரதம் மட்டும் புது மாப்பிள்ளை போல முறுக்கிக்கொண்டே இருந்தது. திட்டத்துக்கோ அது கடைசி ஆண்டு. படிகம் வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். பம்பரத்தின் வேலையும் அதோடு சரி.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவளுக்கு நேர் எதிர். இடி விழுந்தாலும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. புரதத் துளிகளைத் தட்டில் இட்டு, குளிர் அலமாரியில் வைத்துவிட்டால், வாரக்கணக்கில் கதவைத் தொடக் கூடாது.

“செடியை நட்டுட்டு, வேர் விட்டுச்சான்னு தினமும் பிடுங்கிப் பார்ப்பியாம்மா?” என்பார்.

“பார்ப்பேனா சார்?” என்பாள் இவள். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் பிடுங்கிப் பார்த்துவிடுவாள்.

ஒரு நாள் அப்படிப் பார்க்கையில் துளிக்குள் ஏதோ மினுங்கியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பட்டை தீட்டியதுபோல ஒரு படிகம்! அவள் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு ஒரு வார வேலை பாழ். நிலையத்திலிருந்த சின்ன எக்ஸ்கதிர்க் கருவியில் வைத்தார்கள். சில புள்ளிகள் விழுந்தன. அதற்குள் கதிரின் சூடு தாங்காமல் படிகம் கருகிப்போனது. உப்பல்ல, புரதம்தான் என்பது உறுதி. ஆனால் வடிவம் எடுக்க இன்னும் பெரிதாகச் சில படிகங்கள் வேண்டும். அவற்றை ஊருக்கு வெளியே வட்டமாகக் கட்டியிருந்த பெரிய எக்ஸ்கதிர் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

படிகச் செய்தி பரவியதும் அவளுக்குக் கைராசிக்காரி என்ற பட்டம் கிடைத்தது. படித்தவர்கள்தான், இருந்தாலும் ஆசை யாரை விட்டது? மருத்துவர் ஒருவர் ரத்த மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, “சும்மா தொட்டுக் கொடும்மா, மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றார். கீழ்த்தளத்துக்காரர்களே அழைத்துப் போய், ஓட மறுத்த ஒரு காற்றுப் பம்பை ஓடவிடச் சொன்னார்கள். ஓடவிட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு மேலே அனுப்பிவிட்டார்கள்.

தலைவருக்கு வேறு கணக்கு. நிலையத்தின் பெரிய கூட்டத்தில், இது பொறுமைக்குக் கிடைத்த வெற்றி என்று முழங்கினார். அடுத்த தட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காரணம் கேட்டவர்களிடம், “வந்த வழி நல்ல வழி. அதையே கெட்டியாப் பிடிச்சுக்கணும்” என்றார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் பம்பரம் நடந்த நடையில் தரையின் வழவழப்பே போய்விட்டது. வாரங்கள் போயின. திறந்தபோது எல்லாத் துளிகளும் தெளிந்த தண்ணீராக இருந்தன. மறுபடி வைத்தார்கள், மறுபடி தண்ணீர். கைராசி ஒரு தடவைக்குத்தான் போலிருக்கிறது என்று மருத்துவர் தன் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறவன், வீட்டிலாவது ஒன்று ஓர் இடத்தில் நிற்காதா என்று ஏங்குபவன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஃப்ரிட்ஜைத் திறப்பதும், வெறித்துப் பார்ப்பதும், மூடுவதுமாக இருந்தாள்.

“உன்னைக் கட்டினதுக்கு ஒரு ஃபேனைக் கட்டியிருக்கலாம். காத்தாவது வந்திருக்கும்” என்றான்.

“கட்டேன், யாரு வேணாம்னா?”

“தாயே, அந்தக் கதவை மூடு. தயிர் தண்ணியா விடுது பாரு. குளிருதா சுடுதான்னு அதுக்கே குழப்பமா இருக்கு.”

கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அறையோ அனல், அலமாரியோ குளிர். அவள் கள்ளத்தனமாகத் திறந்தபோதெல்லாம் சூடு உள்ளே புகுந்திருக்கும். துளியில் கண்ணுக்குத் தெரியாத நோஞ்சான் துகள்கள் கரைந்து, தாக்குப்பிடித்த ஒன்றிரண்டு மட்டும் மறுபடி குளிர்ந்ததும் கொழுத்திருக்கும். வேறு எதுவும் மாறவில்லை. பூட்டு ஒன்றுதான் புதிது.

இதைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது? சட்டத்தை மீறியவளை அவர் திட்டம் முடியும் வரைகூட வைத்திருக்க மாட்டார். சொல்லாவிட்டாலோ படிகம் இல்லை. இரவெல்லாம் புரண்டாள். காலையில் போய் நின்றாள்.

“சார், முதல் படிகம் வந்தப்போ அலமாரி மூடியிருக்கவே இல்லை.”

“ஏன், கதவு பழுதா?”

“பழுது நான்தான் சார். நீங்க அந்தப் பக்கம் போனா நான் இந்தப் பக்கம் திறந்துடுவேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணுற பொறுமை இருந்தா திறந்தே இருக்க மாட்டேனே சார்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “கூட்டத்துல பொறுமையைப் பத்தி அவ்வளவு பேசினேனே, அப்ப நீ எங்க இருந்த?”

“அலமாரிகிட்ட.”

“ம்.”

“என்னை அனுப்பணும்னா அனுப்புங்க சார். ஆனா அடுத்த தட்டைப் பூட்டாதீங்க.”

“உன்னை அனுப்பிட்டா யாரு திறப்பா?” என்று சாவியை மேசைமேல் வைத்தார்.

ஆனாலும் அவர் தலைவர் அல்லவா? அலமாரியையே கொஞ்சம் சூடாகவும் கொஞ்சம் குளிராகவும் மாறி மாறி ஓடும்படி அமைத்துப் பார்த்தார். கடிகாரமே வெட்கப்படும் ஒழுங்கு. வந்தது ஒன்றுக்கும் உதவாத வெள்ளைப் பொடி. “சரி, நீயே திற. எப்ப வேணும்னாலும் திற” என்றார்.

அங்கேதான் விபரீதம். அனுமதி கிடைத்ததும் அவளுக்குக் கை அரிக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்காலியில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தாள். பார்த்தவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

“திறக்கலையாம்மா?” என்றார் தலைவர்.

“தோணலை சார்.”

“தோண வை!”

“அது தும்மல் மாதிரி சார். வான்னா வராது.”

வந்தது தொலைபேசி. பெரிய எக்ஸ்கதிர் நிலையத்தில் யாரோ பின்வாங்கிவிட்டார்களாம். அடுத்த வாரக் கடைசியில் இவர்களுக்கு முறை. அதை விட்டால் திட்டம் மூடிய பிறகுதான். பம்பரம் ரிசீவரை வைத்தாள். அதன்பின் அந்த நாற்காலி காலிதான். சாப்பிடும்போது பாதியில் எழுந்து வந்து திறந்தாள். வீட்டுக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து திறந்தாள். காலையில் கூட்டுகிறவர் வருவதற்கு முன்னால் வந்து திறந்தாள். நடுவில் துளிகள் ஒருநாள் கலங்கின, மறுநாள் தெளிந்தன. அழுதாள், திறந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் நாலு படிகங்கள் தேறின.

வட்டக் கட்டடத்தில் கருவியை இயக்குபவர் தூங்கி எழுந்த முகத்தோடு தலைவரையும் அவளையும் வரவேற்றார். கதிரில் கருகாமலிருக்க உறைய வைத்துக் கொண்டுவந்த படிகங்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். முதலாவது வெடித்துவிட்டது. இரண்டாவதில் புள்ளிகள் கலைந்த கோலமாக விழுந்தன. மூன்றாவதில் வெறும் பனிக்கட்டி.

“அம்மா, நீங்க இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்குத் தலை சுத்துது. கொஞ்சம் வெளியே நடங்களேன்.”

வெளியே நடந்தாள். வளைந்து போகும் நடைபாதை. கதவுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலையத்தின் கீழ்த்தளத்தில் வேலை கேட்டுப் பார்க்கலாமா, வீட்டில் என்ன சொல்வது, தட்டைக் கழுவி வைத்தோமா என்று எண்ணங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. கைப்பேசியை உள்ளேயே விட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. வட்டம்தானே, திரும்பி நடந்தாலும் அதே தூரம் என்று நேராகவே போனாள்.

தலைவரும் இயக்குபவரும் வாசலில் நின்று, அவள் போன திசையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து சேர்ந்தாள். 

“என்ன சார், வெளியே வந்துட்டீங்க? நாலாவதும் போச்சா?”

 தலைவர் அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். திரையின் ஓரம் வரைக்கும் புள்ளிகள், ஊசி குத்தியதுபோலக் கூராக.

“இது போதும்மா. வடிவம் எடுத்துடலாம்” என்றார் இயக்குபவர்.

“ஓரத்துல இன்னும் இருக்கா? பெரிசு பண்ணுங்க. இது என்னது, இதை அழுத்தணுமா?”

“ஐயோ, அம்மா! அந்தப் பொத்தானைத் தொடாதீங்க!”