வடகரைக்குப் போகும் பஸ்

மொன்ட்ரியால் பஸ் நிலையத்துக்கு வெளியே பனி கொட்டுகிறது. வளைகுடாவின் வடகரைக்குப் போகும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. கோட்டுப் பையில் இருக்கும் அளவு டேப்பை இழுப்பதும் சுருட்டுவதுமாக அங்குமிங்கும் நடக்கிறேன். லேசில் கண்ணில் படாத, பறவை அலகுபோல் வாய் நீண்ட அலகுத் திமிங்கிலம் ஒன்று அங்கே ஒரு மீனவ ஊரில் கரை ஒதுங்கியிருக்கிறது. அந்தக் கரையின் பழைய பதிவுகளை வருஷக்கணக்காகத் திரட்டுகிறேன். எல்லாவற்றிலும் ‘இனம் தெரியாத திமிங்கிலம்’ என்று ஒரே வரிதான். ஒருத்தராவது அளந்திருக்க வேண்டாமா?

வழியனுப்ப வந்த நண்பர் ராகவன் பக்கத்துக் கர்க்லாண்டில் டாக்டர். “ஏன்யா இப்படிச் சுத்திக்கிட்டே இருக்கே? உட்காரு,” என்கிறார்.

பூத்துக்குப் போய், திமிங்கிலச் சேதி சொன்ன அந்த ஊர்க் கடைக்காரருக்கு மறுபடியும் போன் போடுகிறேன். நாற்றம் தாங்காமல் காலையிலேயே டிராக்டரில் கட்டி இழுத்துக் கடலில் விட்டுவிட்டார்களாம். ‘மெர்சி’ என்று நன்றி சொல்லிப் போனை வைக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் ராகவன், “போச்சா? சரி, வீட்டுக்கு வா. சூடா ரசம் சாப்பிடலாம்.”

டிரைவர் பஸ் கதவைத் திறக்கிறார். நான் பெட்டியைத் தூக்குகிறேன்.

“திமிங்கிலமே இல்லை. அங்க போய் எதைய்யா பார்க்கப் போறே?”

“அது கிடந்த பள்ளம் மணல்ல இருக்கும். பனி மூடறதுக்குள்ள அதையாவது அளந்துடறேன்.”