மே கமலே என்னும் ஓவியர்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் செல்வராணி டீச்சரின் தங்கை ஃபோன் செய்தார். "அக்கா போயிட்டாக டீச்சர். நெஞ்சு வலின்னு சொன்னாக, ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

சின்னமனூர்ப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் செல்வராணி டீச்சரும் நானும் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டோம். ஆங்கில ஆசிரியரான அவர்கள் முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருள், அமெரிக்கப் படக்கதைகளில் பெண்கள். ஆண் பெயரில் ஒளிந்து வரைந்தவர்கள், போர் முடிந்ததும் சாகசத்தை விட்டுக் கல்யாணக் கனவுக்குத் திருப்பப்பட்ட நாயகிகள், நாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே கொல்லப்பட்ட காதலிகள். "இவ செத்ததுக்கு அவன் பழி வாங்குறான், எல்லாரும் கைதட்டுறாக. இவ யாரு, என்னான்னு ஒருத்தரும் கேக்கல டீச்சர்" என்று ஒருநாள் கொதித்தார்கள்.

அவர்களுடைய வழிகாட்டிப் பேராசிரியர், முன்பே ஒரு மாணவியின் கட்டுரையைத் தன் பெயரில் வெளியிட்டவர். அது தெரியவந்ததும், அவரிடம் கொடுத்த வரைவில் மட்டும் உலகத்தில் இல்லாத ஓர் ஓவியரை டீச்சர் சேர்த்தார்கள். பெயர் மே கமலே. 'இவர் என் கற்பனை' என்று தேதியிட்டு எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவைத்தார்கள்.

ஓராண்டில் பேராசிரியரின் புத்தகம் வந்தது. முழுக்க டீச்சரின் எழுத்து. மே கமலேக்கு மூன்று பக்கம். முன்னுரையின் கடைசியில், 'தட்டச்சு உதவி: செல்வராணி.' டீச்சர் நேரில் போய்க் கேட்டதற்கு, "பேரு போட்டிருக்கேன்ல, அப்புறம் என்னம்மா?" என்றாராம்.

"ஊரைக் கூட்டிச் சொல்லிருவோம் டீச்சர்" என்றேன்.

"அவசரப்படாதீக. பரிசு, பாராட்டு எல்லாம் வாங்கட்டும். உசரத்துல இருந்து விழுந்தாத்தான் சத்தம் கேக்கும்."

அதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

தேனியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அந்தப் பேராசிரியரும் வந்தார். மைக்கைப் பிடித்து, "மே கமலேயை நான் கண்டுபிடித்தபோது, பக்கத்தில் அமர்ந்து தட்டச்சு செய்தவர் செல்வராணி" என்றார். நான் எழுந்தேன்.

"ஐயா, அந்த மே கமலே அம்மா எந்த ஊரு?"

"நியூயார்க்."

"இல்லைங்கய்யா, இங்கனதான். பேரைச் சேத்துப் படிங்க."

"அட, நம்ம மேகமல! சின்னமனூருக்கு மேல நிக்கிற மலையில்ல!" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. டீச்சரின் தாளை நான் படிக்கப் படிக்கப் பேராசிரியரின் முகம் கறுத்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

வாசலுக்கு நடந்தவரை டீச்சரின் தங்கை நிறுத்தினார். டீச்சரின் படத்துக்குப் பேராசிரியர் போட்ட மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். "இதையும் எடுத்துட்டுப் போங்க." ரோஜா இதழ்கள் உதிர உதிர அவர் படியிறங்கிப் போனார்.

டீச்சர், உங்கள் ஆய்வு உங்கள் பெயரில் அச்சுக்குப் போகிறது. அவரை நாங்கள் மன்னிப்பதாக இல்லை. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.