எண்ணும்போது மூடும் கண்

இங்கே தவறு செய்தவர் தானே போய்ச் சுவர்ப் பலகையில் எழுதிவிடுகிறார். பேரும் போடுகிறார். யாரும் சத்தம் போடுவதில்லை. நார்வே வந்து மூன்று வருடம் ஆகிறது. இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு பல்கலைக்கழகத்தில் கல் தேய்க்கிறேன். கண்ணாடியில் ஒட்டிய கல்லைத் தலைமுடியை விட மெலிசாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பிறகு அது மைக்ரோபுரோப் என்ற இயந்திரத்துக்குள் போகும். உள்ளே எலக்ட்ரான் கற்றை பாயும். கல்லிலிருந்து எக்ஸ்-ரே கிளம்பும். அதை ஒரு கவுண்ட்டர் எண்ணும். அந்த எண்ணிக்கையை வைத்து, இரும்பு எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து நூறு சதவீதம் வர வேண்டும்.

போன மாதம் ஒரு கல்லுக்குத் தொண்ணூற்றாறுதான் வந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்ட்டின் கேட்டார்: "அவசரமாகத் தேய்த்தாயா?"

"ஆமாம், என் தப்புதான்" என்றேன்.

என் தப்பு இல்லை. பழக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்த பீஸ் வந்து விழ விழ எண்ணிக் கட்டுப் போட வேண்டும். வேகம் கூடினால் எண்ணிக்கை குறையும். சூப்பர்வைசர் மணியண்ணன் வந்துவிடுவார்.

"ஏம்மா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கறயா?"

"இல்லீங்ணா. முடிச்சுப் போடற நேரத்துல ரெண்டு விழுந்துருதுங்க. மெதுவாப் போடச் சொல்லுங்க."

"உன்ற முடிச்சுக்காக லைனை நிறுத்தட்டுமா? நாளைக்கு நாலு கை வெச்சுட்டு வா."

பக்கத்து டேபிளில் சிரிப்பார்கள். "என்ற தப்புதானுங்ணா" என்பேன். அவர் போய்விடுவார். அங்கே அந்தப் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

மார்ட்டின் அதை நம்பிவிட்டார். "மறுபடி தேய்" என்று கல்லைக் கொடுத்தார். அது ஒரு மாணவி மலையேறிக் கொண்டுவந்த கல். வேறு துண்டு கிடையாது. இன்னொரு முறை தேய்த்தால் கண்ணாடிதான் மிஞ்சும்.

தேய்க்கும் சக்கரத்தை ஓடவிட்டேன். லென்ஸில் கல்லைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சக்கரத்தை நிறுத்திவிட்டு மார்ட்டினிடம் திரும்பப் போனேன். இந்தக் கல்லுக்குக் கற்றையைக் கூட்டி வைத்ததாக அவரே சொல்லியிருந்தார். கூட்டினால் எக்ஸ்-ரே அதிகம் வரும்.

"என் தப்பு இல்லை. மெதுவாக வரவிட்டு எண்ணிப் பாருங்கள்" என்றேன்.

கற்றையைக் குறைத்து எண்ணினார். நூறை ஒட்டி வந்தது.

உட்காரவைத்துச் சொன்னார். கவுண்ட்டர் ஒன்றை எண்ணியதும் மைக்ரோ செகண்டு கணக்கில் கண்ணை மூடிக்கொள்ளுமாம். அதற்குள் வருவது விட்டுப்போகும். டெட் டைம் என்று பேர். எவ்வளவு நேரம் மூடும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். விட்டதைக் கணக்கிட்டுச் சேர்ப்பார்கள். புதுக் கவுண்ட்டர் மாட்டியவர்கள் கணக்கில் பழையதன் அளவையே வைத்திருந்தார்கள். அதை மாற்றினார். கல்லைத் தொடவே இல்லை. பழைய தொண்ணூற்றாறும் நூறை ஒட்டி ஏறி நின்றது.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. யார் கண்ணிலும் படாமல் போனது. ஆனாலும் வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். எண்ணிய கவுண்ட்டரை யாரும் திட்டவில்லை.

"பிறகு ஏன் உன் தப்பு என்றாய்?" என்றார் மார்ட்டின்.

வலது கையில் கல் பத்திரமாக இருந்தது. மணியண்ணன் முன்னால் நிற்கும்போது போல இடது கை தானாக முந்தானை நுனியைத் தேடியது. கோட்டுப் பொத்தான்தான் அகப்பட்டது. அதைத் திருகிக்கொண்டே நின்றேன்.