கனவு கண்டு காடு வாங்குபவர்

மகள் கல்யாணச் செலவுக்காகக் குரும்பலூர் பக்கம் இருந்த பருத்திக் காட்டை விற்க நினைத்து, முள் வெட்டி, வரப்பைச் சீராக்கி வைத்திருந்தேன். பார்க்க வந்தவர் நரைத்த மீசைக்காரர். கிணற்றைக்கூட எட்டிப் பார்க்காமல் வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

“தூங்கிக் கனவு பாத்துத்தான் எந்தக் காட்டையும் வாங்குவாரு. பேசாம நில்லுங்க மாமா,” என்றார் அவரைக் கூட்டி வந்த தரகர்.

ஒரு மணி நேரம் நின்றேன்.

எழுந்தவர் என்னையே பார்த்தார். “கனவுல நீங்கதான் வெதைச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு வேணாங்க.”

“பொண்ணு கல்யாணங்க.”

“என்ன பண்றது, காடு இன்னும் ஒங்கள விடலியே,” என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வேறொருவர் வாங்கினார். கல்யாணமும் நடந்தது. அந்தக் கனவில் நான் என்ன விதைத்தேன் என்று கேட்கத்தான் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.