அறுத்த வயலில் பழகிய அடி

அன்றைக்கு அந்தக் குளத்தங்கரையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் பெரியப்பா மகன், அதாவது பங்காளி, எங்களைக் காரில் கூட்டி வந்த என் மச்சினன், பங்காளியின் விருந்தாளியாக வந்திருந்த அரிசி மில்காரர், மட்டைப் பை சுமந்து வரும் ஆட்கள் இரண்டு பேர். நூறு பேர் இருந்திருந்தால் சிரிப்பு கூட்டத்தோடு கரைந்து போயிருக்கும். ஆறு பேர்தான் என்பதால் யார் எப்படிச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தனித்தனியாக நினைவிருக்கிறது. மில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சினன் கைபேசியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு சிரித்தான். அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து வாளையார் தாண்டிக் கோயமுத்தூர்ப் பக்கம் போனால் அந்தக் கோல்ஃப் மைதானம். ஒரு குழிக்குப் போகும் வழியில் குளம் குறுக்கே கிடக்கும். அக்கரையில் புல்லை ஒட்ட வெட்டிய பச்சைத் தரை, அதன் நடுவே கொடி. செவன் அயர்ன் என்று நாங்கள் சொல்லும் ஏழாம் நம்பர் இரும்பு மட்டையால் நிதானமாக அடித்தால் பந்து குளத்தைத் தாண்டிப் பச்சையில் போய் நிற்கும். எல்லோருக்கும் நின்றது. நான் அடித்த முதல் பந்து தென்னைக்கு மேலே எழும்பி, அங்கேயே வேகம் தீர்ந்து, நடுக்குளத்தில் விழுந்தது. இரண்டாவது எழும்பவே இல்லை. தண்ணீர் மேல் ஓட்டாஞ்சில்லு போலத் தத்திப் போய் முங்கியது. மூன்றாவதில் மட்டை மண்ணில் மாட்டிக்கொண்டு மண்கட்டிதான் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏண்டா தம்பி, பந்தை அடிக்கறயா, கொழம்பைக் கரண்டியில அள்ளி ஊத்தறயா?" என்றார் பங்காளி.

"நம்ம மில்லுல நெல்லு அள்ளிப் போட ஆள் பத்தலீங்க. இவரைத் தாட்டி உடுங்க" என்றார் மில்காரர்.

"அட நீங்க வேற. ஒம்பதாங் கிளாஸே தாண்டாதவன் கொளத்தைத் தாண்டிருவானுங்களா?" என்றார் பங்காளி.

அதற்குத்தான் ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். முகத்தில் ஒரு இளிப்பு மட்டும் வந்தது. அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

அவர் அத்தோடு விடவில்லை. அங்கே அவர் மெம்பர். நான் அவர் கையெழுத்தில் உள்ளே போகிறவன். "சித்திரைக்குள்ள ஒரு நாள் பாத்துக்கலாம். ஆளுக்கு அஞ்சு பந்து. அந்தக் கரையில நீ என்னைய விட எச்சா நிறுத்திட்டா, இருவத்தஞ்சாயிரம் எண்ணி வெக்கறேன். இல்லீன்னா மட்டையெல்லாம் ஊட்டுல தொரட்டிக்குப் பக்கத்துல சாத்தி வெச்சுட்டு, இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே. செரியா?"

"செரிங்ணா" என்றேன்.

எனக்கு அந்த ஆட்டம் போனால் என்ன போகும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் பந்தயத்தை இன்னும் இறுக்கியிருப்பார். அப்பாவுக்கு முதுகு போனபோது ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு மண்வெட்டியைப் பிடித்தேன். அன்றிலிருந்து கவலைப்படாமல் நான் ஒரு மணி நேரம் இருந்ததில்லை. மோட்டார் காயில் கருகுமோ, தென்னையில் வெள்ளை ஈ விழுமோ, வாய்க்காலில் தண்ணீர் முறை வருவதற்குள் மேல் தோட்டத்துக்காரன் மடையைத் திருப்பி விடுவானோ, கேஸ் அடுப்பை மூடினேனோ. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றால்கூட ஏதோ ஒன்று என்னால்தான் நின்றுவிட்டது போல இருக்கும். பந்து மட்டையை விட்டுப் போய்த் தரையில் விழும்வரை உள்ள அந்தச் சிறு நேரத்தில் மட்டும் என் தலைக்குள் எதுவும் கிடையாது. பங்காளி புது மட்டைகள் வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். சும்மா இல்லை, விலை வைத்துத்தான். ஆனாலும் அந்த வெறுமை கிடைத்தது. அதை அவர் பிடுங்கப் பார்த்தார்.

ஊருக்கு வந்ததும் மனைவியிடம் கைபேசியைக் கொடுத்து, நான் அடிப்பதை மெதுவாக ஓடும் படமாக எடுக்கச் சொன்னேன். நெல் அறுத்த வயலில்தான் எப்போதும் பழகுவேன். அன்றும் அங்கேதான்.

"ஏனுங்க, இதுல உங்க மூஞ்சியெல்லாம் எடுக்கோணுங்களா?"

"மூஞ்சி வேண்டாம். கையையும் காலையும் எடு."

"நல்லதாப் போச்சு" என்றாள்.

படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பந்தைத் தொடும் நேரத்தில் என் பாரமெல்லாம் வலது காலில் இருந்தது. இடது மணிக்கட்டு மடங்கி, மட்டையின் தலை கைகளை முந்திக்கொண்டு பந்துக்கு அடியில் நுழைந்தது. மண்வெட்டியால் சேற்றை அள்ளி வரப்பில் போடுவதைப் போலவே இருந்தது. பங்காளி சொன்ன கரண்டியும் அதுதான். அவர் சொன்னது சரியாக இருந்தது என்பதில் எனக்குக் கோபம் கூடத்தான் செய்தது.

ஆனால் இந்த அடியில் வயலில் பந்து நன்றாகப் போகிறதே, மைதானத்தில் மட்டும் ஏன் போகவில்லை? இரண்டு நாள் மண்டை குடைந்தது. மூன்றாம் நாள் வயலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தையே பார்த்தேன். அறுத்த தாளின் கட்டைகள் மேல் பந்து ஒரு விரல்கடை உயரத்தில் உட்கார்ந்திருந்தது. அடியில் மட்டை நுழைய இடம் இருந்தது. அள்ளினால் வரத்தான் செய்யும். மைதானத்தில் அந்த இடம் இல்லை. அங்கே பந்து தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. அள்ளப் போனால் மட்டை முதலில் மண்ணில் இடிக்கும். தப்பினால் பந்தின் நடுவில் பட்டு அது தரையோடு ஓடும். அதிசயமாகச் சரியாக மாட்டினால் வானத்துக்குப் போய் நடுவழியில் விழும். குளத்தங்கரையில் எனக்கு மூன்றும் வரிசையாக நடந்திருந்தன. இரண்டு அறுப்புக் காலமாகத் தாளில் நின்று தப்பைத்தான் கை பழகியிருந்தது.

கைபேசியில் தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. இரும்பு மட்டையின் முகம் செய்யும்போதே மல்லாந்துதான் செய்யப்பட்டிருக்கிறது. பந்தை மேலே எழுப்புவது அதன் வேலை. நாமும் கையால் தூக்கப் போனால் அந்த மல்லாப்பு இரட்டிப்பாகிவிடும். நம் வேலை கீழ்நோக்கி அடிப்பது மட்டும்தான்: கைகள் பந்துக்குச் சற்று முன்னால், பாரம் இடது காலில், முதலில் பந்து, பிறகுதான் மண்.

வயலை விட்டேன். வீட்டை ஒட்டிய தோப்புக்குள் டிராக்டர் போய்ப் போய் இறுகிக் கிடந்த தடத்துக்கு வந்தேன். இடது பாதத்துக்கு நேராக வைத்துக்கொண்டிருந்த பந்தை இரண்டு கால்களுக்கும் நடுவே கொண்டு வந்தேன். பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போட்டேன். துண்டில் மட்டை பட்டால் அடி தப்பு. பந்து கிளம்பும் கோணத்தைப் பார்க்கக் கருவி வாங்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டதும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. பத்தடி தள்ளி இருந்த இரண்டு தென்னைகளுக்கு நடுவே இரண்டு கயிறு கட்டினேன். ஒன்று தொடை உயரம், ஒன்று தொப்புளுக்குச் சற்று மேலே. பந்து இரண்டுக்கும் நடுவே போனால் கோணம் சரி.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று பார்த்தார். "ஏனுங்க, பன்னி வராம இருக்கக் கட்டினதுங்களா?"

"ஆமாங்க."

"இத்தனை ஒசரத்துலயா? எந்தப் பன்னிங்க அது?"

எந்தப் பன்றி என்று எனக்குத் தெரியும்.

முதல் வாரம் துண்டுதான் பறந்தது. பிறகு பந்து மேல் கயிற்றுக்கு மேலேயே போனது. அதற்குப் பிறகு பயத்தில் கைகளை அளவுக்கு மீறி முன்னால் தள்ளிவிட்டேன். மட்டையின் முகம் நிமிர்ந்துபோய், பந்து கீழ்க் கயிற்றுக்கும் அடியில் சீறிக்கொண்டு போனது. இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன் என்று சோறு இறங்கவில்லை. கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குக் கொண்டு வந்து, இடது தொடையின் உட்பக்கத்துக்கு நேரே நிறுத்தியபோது பந்து இரண்டு கயிறுகளுக்கும் நடுவே போயிற்று. அந்தச் சத்தமே வேறு. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தான் அடிக்கற மாதிரி கேக்குது" என்றாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனபோது பங்காளி அடிப்பதைப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கு என் வியாதி இல்லை, அதற்கு நேர் எதிரானது. கைகள் லேசாக அதிகம் முன்னால் போயின. பந்து கொஞ்சம் தாழ்வாகக் கிளம்பியது. கொஞ்சம்தான். அவருக்கு அதுவரை அதனால் நஷ்டம் வந்ததில்லை.

"அண்ணா, உங்க கை முன்னால போறது இருக்குதுங்களே, டிவியில வர்றவனுக்குக்கூட அப்பிடி இல்லீங்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்துக் கத்துக்கடா."

அடுத்த வாரமும் சொன்னேன். அதற்கடுத்த வாரம் மில்காரர் காதில் விழும்படி சொன்னேன். ஒவ்வொரு வாரமும் அவர் கைகள் இன்னும் முன்னால் போயின. பந்து இன்னும் தாழ்ந்தது. நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. கை முன்னால் போனது பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. பந்து எங்கே போகும் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வாயில் ஏதோ இனிப்புப் போட்டுக்கொண்டது போல இருக்கும்.

சித்திரையில் பந்தய நாள் வந்தது. மழை இல்லாமல் தரை காய்ந்து இறுகியிருந்தது. முதலில் பங்காளி. முதல் பந்து தாழ்வாகப் போய் அக்கரைக் கல்லில் மோதிக் குளத்துக்கே திரும்பியது. இரண்டாவது தாண்டியது, காய்ந்த தரையில் நிற்காமல் ஓடிப் பின்னால் இருந்த மணல் குழியில் விழுந்தது. மூன்றாவது நின்றது. மில்காரர் கை தட்டினார். நான்காவது தண்ணீர். ஐந்தாவது மறுபடி மணல்.

என் முறை வந்தது. முதல் பந்தை அடிக்கும்போது மோட்டாரை நிறுத்தினேனா என்ற நினைப்பு வந்துவிட்டது. பழைய கை அள்ளிவிட்டது. நடுக்குளம்.

"கொழம்பு ரெடி" என்றார் பங்காளி.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு உதவியது. கவலை போய்க் கோபம் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது பந்து அளவாக எழும்பி, அக்கரையில் இறங்கி, இரண்டு குதி குதித்து நின்றது. மூன்றாவது கரையில் பட்டு உருண்டு திரும்பிவிட்டது. நான்காவது நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது பந்து தேவையே இல்லை, ஆனாலும் அடித்தேன். அதுவும் நின்றது.

பிறகு அவர் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அண்ணா, உங்களுக்குக் கை அளவுக்கு மீறி முன்னால போவுதுங். அதுதான் பந்து எந்திரிக்க மாட்டேங்குது."

மட்டையைப் பையில் செருகப் போனவர் நின்றார். "ஏண்டா, அப்ப இத்தனை வாரமா நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொன்னியே?"

"பாக்க நல்லாத்தானுங் இருந்துச்சு."

மச்சினன் இந்த முறை குனியாமலே சிரித்தான்.

பங்காளி பர்சிலிருந்து ஐயாயிரத்தை எடுத்துக் கையில் திணித்தார். மீதி ஊட்டுல தர்றேன் என்றார். அடுத்த வாரம் சத்தமில்லாமல் கைபேசி வழியாக முழுப் பாக்கியையும் அனுப்பினார். அதே நாளில் திருப்பி அனுப்பிவிட்டேன். கோயில் நோம்பியில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் நிற்கும்போது கையால் எண்ணித் தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு அவர் இன்னும் வரவில்லை.

"வர்ற காசை யாராச்சும் திருப்புவாங்களா? மோட்டருக்குக் காயில் கட்டோணும்" என்று மனைவி திட்டுகிறாள். காயிலுக்குச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினேன். கல்யாண வீட்டிலோ எழவு வீட்டிலோ பங்காளியைப் பார்த்தால் நான் பணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, "அண்ணா, இப்ப பந்து எந்திரிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்பேன். அவர் செருப்பைத் தேட ஆரம்பிப்பார். தேடட்டும். எனக்கு அவசரமில்லை. பாக்கி இருபதாயிரம் ரூபாய்.